விரல் கட்சிக்காரர்

விரல் கட்சிக்காரரை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். இன்னார் என்று தெரியாமல் பார்த்திருப்பீர்கள், அவ்வளவுதான். கச்சேரியில் எல்லோரும் பாடகியைப் பார்த்துக்கொண்டிருக்க, கூட்டத்தை முழங்கையால் விலக்கி, மேடையின் ஓரத்தில் இடம் பிடித்து, கழுத்தை நீட்டி, பேஸ் கிடார் வாசிப்பவரின் வலது கையை மட்டும் பார்த்துக்கொண்டு ஒருவர் நிற்பாரே, அவர்தான். பாட்டு எப்படி இருந்தது என்று அவரிடம் கேட்காதீர்கள். பாட்டை அவர் கேட்கவில்லை.

பேஸ் கிடார் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. நாலு தடித்த கம்பி கட்டிய கிடார் அது. பாட்டுக்கு அடியில் தரையோடு தரையாக ஓடுகிற சத்தம் அதனுடையது. ஓடும்போது யாரும் கவனிக்க மாட்டார்கள், நின்றுவிட்டால் பாட்டுக்கு என்னவோ ஆகிவிட்டது என்பார்கள். அதை ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மாற்றி மாற்றிக் கம்பியின்மேல் நடக்கவிட்டு வாசிக்கலாம். பிக் என்கிற, பத்து ரூபாய் நாணயம் அளவுள்ள முக்கோணப் பிளாஸ்டிக் துண்டால் தட்டியும் வாசிக்கலாம். இரண்டிலும் பாட்டு வரும். இரண்டிலும் பாட்டு வரும் என்று ஒருதடவை வாய்தவறிச் சொன்னதற்காக ஒரு விரல் கட்சிக்காரர் என்னோடு மூன்று வாரம் பேசவில்லை.

நான் தேனியில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிற குருசாமி. வீரபாண்டித் திருவிழா, சர்ச் கன்வென்ஷன், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று இருபத்தைந்து வருடமாக இந்தக் கம்பம் பள்ளத்தாக்கின் பக்தியும் பாசமும் கோபமும் என் மிக்ஸர் வழியாகத்தான் போய்க்கொண்டிருக்கின்றன. ஆகவே எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பிக்கால் வாசித்தால் சத்தம் கொஞ்சம் முனையோடு வரும்; விரலால் வாசித்தால் கொஞ்சம் உருண்டு வரும். வாஸ்தவம். ஆனால் முனையை மழுக்கவும் உருண்டதைச் சீவவும் என்னிடம் ஆளுக்கொரு குமிழ் இருக்கிறது. இதை நான் வெளியே சொல்வதில்லை. தொழில் ரகசியம் என்று நினைத்துவிடாதீர்கள். சொன்னால் உதை விழும்.

என்னோடு மூன்று வாரம் பேசாதிருந்தவர் இம்மானுவேல் அண்ணாச்சி. தேனி பஜாரில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். முப்பது வருடமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தன் சபையில் பேஸ் கிடார் வாசிக்கிறார், நன்றாகவே வாசிக்கிறார். அவருடைய வலது கையில் இரண்டு விரல் நுனியிலும் காய்ப்பு உண்டு. ஒரு லிட்டர் பிரைமர் வாங்க வந்த ஆள், பேச்சு எப்படித் திரும்பியது என்று தெரியாமலே, ஐந்தாவது நிமிடத்தில் அந்தக் காய்ப்பை அழுத்திப் பார்த்துக்கொண்டு நிற்பார். “பிக் வச்சு வாசிக்கிறது, கையுறை போட்டுக்கிட்டு ரசஞ்சோறு பிசையுற மாதிரி. கம்பிக்கும் எனக்கும் நடுவுல பிளாஸ்டிக் எதுக்குங்கறேன்? ஆண்டவர் ஆதாமுக்கு வெரலத்தான குடுத்தாரு, பிக்கையா குடுத்தாரு?” என்பார். ஆதாமுக்கு ஆண்டவர் பெயிண்ட் பிரஷ்ஷும் கொடுக்கவில்லையே என்று யாரும் கேட்டதில்லை. பிரைமர் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிற அவசரம். இன்னொன்றையும் கவனியுங்கள். பிரஷ்ஷில் அடிப்பதா ரோலரில் அடிப்பதா என்று அதே ஆள் கேட்டால், அண்ணாச்சி சிரித்துக்கொண்டே சொல்வார்: “எதுல அடிச்சா என்ன, சுவரு பளிச்சுனு இருந்தாச் சரி.”

இந்த இனத்தால் ஊருக்குத் தொந்தரவு கிடையாது, வீட்டில் கல்யாண வயதில் பெண் இல்லாதவரைக்கும்.

அண்ணாச்சியின் ஒரே மகள் ஜெஸ்லின். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சென்ற வருடம் எல்லாச் சபைகளும் சேர்ந்து நடத்திய கிறிஸ்துமஸ் விழாவில் அவள் கீபோர்டு வாசித்தாள். அதே மேடையில் பேஸ் வாசித்தவன் சகாய பிரவீன். ராயப்பன்பட்டிக்காரன், கம்பத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. கிறிஸ்துமஸ் வியாபார நெருக்கடியில் அண்ணாச்சி அன்றைக்குக் கடையை விட்டு அசையவில்லை. இருவருக்கும் பிடித்துப்போனது. மிக்ஸருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு அது அவர்களுக்கு முன்பே தெரிந்துவிட்டது.

பிரவீன் வீடு கத்தோலிக்கம். அண்ணாச்சி வீடு சீர்திருத்தச் சபை. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஒன்றாகத் தெரியும். உள்ளே இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். கல்யாணத்தை எங்கே மந்திரிப்பது, யார் மந்திரிப்பது, பிள்ளைகளுக்கு எங்கே ஞானஸ்நானம் என்று ஆரம்பித்தால் மூன்று தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை நின்றுபோகும். அண்ணாச்சியின் மனைவி செல்வமணி அக்கா பயந்தது அதற்குத்தான். முதலில் பாஸ்டரைப் பார்த்தார், பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஃபாதரைப் பார்த்தார், இரண்டு பேரையும் ஒருவரோடொருவர் போனில் பேசவைத்தார். எல்லாம் சரிக்கட்டி, ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெண் பார்க்க வரச் சொன்னார்கள். இரண்டு வீட்டுக்கும் வேண்டியவன் என்று நானும் போயிருந்தேன்.

பிரவீனின் அப்பா பங்கிராஸ் திராட்சை விவசாயி, அதிகம் பேசாதவர். அம்மா பிலோமினா அவருக்கும் சேர்த்துப் பேசுகிறவர். கேசரி வந்தது, காபி வந்தது. அண்ணாச்சி மாப்பிள்ளையைப் பார்த்து, “தம்பிக்குப் பாட்டு கீட்டு ஆர்வம் உண்டா?” என்றார்.

“பேஸ் கித்தார் வாசிப்பேன் மாமா.”

அண்ணாச்சியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. எழுந்து உள்ளே போனார். வீடு பெருக்கும்போதுகூட யாரும் நகர்த்தக் கூடாத தன் கிடாரைத் தானே தூக்கி வந்து, துண்டால் துடைத்து, வயரை மாட்டி, பையன் மடியில் வைத்தார். அந்த நிமிடம் பேசி முடித்திருந்தால் வரதட்சணையாகக் கிடாரையே கொடுத்திருப்பார். “ஒரு நாலு வரி வாசிங்க தம்பி, கேப்பம்.”

பிரவீன் பர்ஸைத் திறந்தான். உள்ளே மாதா படம் இருந்தது. மாதா படம் வைத்துக் கும்பிடாத வீடு அது; செல்வமணி அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டார். ஆனால் அண்ணாச்சியின் பார்வை மாதா மேல் நிற்கவில்லை. படத்துக்குப் பின்னாலிருந்து பையன் சிவப்பாக ஒன்றை உருவினானே, அதன்மேல் போய் நின்றது.

“தம்பி, வெரல்ல ஏதும் காயமா?”

“இல்லையே மாமா.”

“கை வலி?”

“அதெல்லாம் இல்ல மாமா. நான் எப்பவுமே பிக்தான்.”

“எப்பவுமே.”

“ஆமா மாமா. சத்தம் தெளிவாக் கேக்கும்ல.”

வாசித்தான். நன்றாகத்தான் வாசித்தான். அண்ணாச்சி சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும், “யோசிச்சுச் சொல்லுறேன்” என்றார்.

அவர்கள் கிளம்பியதும் செல்வமணி அக்கா கணவர் முன்னால் வந்து நின்றார்.

“ஏங்க, பையனுக்கு என்ன குறை? சபையா?”

“சபை கெடக்கு. எல்லாருக்கும் ஒரே ஆண்டவருதான்.”

“வேலையா?”

“நல்ல வேலை.”

“பெறகு?”

“பிக் வச்சு வாசிக்கிறான் செல்வமணி.”

கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் அந்த அக்கா அவரை அப்படிப் பார்த்து நான் பார்த்ததில்லை. “அவன் நம்ம பிள்ளைய வச்சு வாழப்போறானா, கித்தார வச்சா?”

“உனக்குப் புரியாது. கம்பியத் தொட மனசில்லாதவன், நாளைக்கு ஒரு கஷ்டம்னா நம்ம பிள்ளை கையப் பிடிப்பானா?”

அவர் குரல் உடைந்திருந்தது. விரல் கட்சிக்காரர் விளையாட்டாகச் சொல்கிறார் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். அவர் எப்போதும் மனதாரத்தான் சொல்கிறார். அதுதான் அவரிடம் உள்ள ஆபத்து.

சேதியை ராயப்பன்பட்டிக்குச் சொல்லும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. பிலோமினா அக்காதான் போனை எடுத்தார். “ஒண்ணுமில்லக்கா, தம்பிகிட்ட பிக் இருக்குன்னு யோசிக்கிறாக” என்றேன்.

“பன்னியா? எவன் சொன்னான்? எங்க வீட்டுல ரெண்டு பசுமாடும் ஒரு நாயுந்தான் இருக்கு. அவுகள இங்கன வந்து பாக்கச் சொல்லுங்க.”

விளக்கிச் சொல்லக் கால் மணி நேரம் ஆனது. விளங்கியபிறகு அவருக்குக் கோபம் இன்னும் கூடிவிட்டது. பன்றியாக இருந்தால் விற்றுவிடலாம். பங்கிராஸ் அண்ணன் போனை வாங்கினார். “குருசாமி, நானும் முப்பது வருசமா திராட்சை வெட்டுறேன். கத்திரியில வெட்டுனியா, கத்தியில வெட்டுனியான்னு ஒரு யாவாரியும் கேட்டதில்ல. குலை நல்லா இருக்கான்னுதான் கேப்பான்.” அவர் அவ்வளவு நீளமாகப் பேசியது அன்றைக்குத்தான்.

பிரவீன் நல்ல பையன். யாருக்கும் சொல்லாமல் விரலால் பழக ஆரம்பித்தான். பத்தாவது நாள் இரண்டு விரலிலும் கொப்புளம். பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வந்தவர்கள், ஊசியைப் பிடித்துக்கொண்டு அவன் முகம் சுளிப்பதைப் பார்த்து, “தம்பி, வலிச்சா நாளைக்கு வாரோம்” என்று அவனுக்கு ஆறுதல் சொல்ல வேண்டியதாயிற்று. ஜெஸ்லினுக்கு விஷயம் தெரிந்தது. அவனைப் போனில் கூப்பிட்டுச் சொன்னாள்: “அப்பாவுக்காக நீங்க மாத்திக்கிட்டு வந்தா நான் கட்டிக்கிற மாட்டேன். இன்னைக்கு வெரல மாத்தச் சொல்லுவாக. நாளைக்கு நீங்க எந்தக் கையில பல்லு விளக்கணும்னு வந்து நிப்பாக.”

அன்றிலிருந்து அவள் அப்பாவோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை வைப்பாள், போவாள். அண்ணாச்சிக்கு அது உள்ளே குத்தியது. கடையில் சிவப்புக் கேட்டவருக்குப் பச்சையைக் கலந்து கொடுத்தார். ஆனாலும் இறங்கிவரவில்லை. இறங்குவதற்குப் பதிலாக மதுரையில் ஒரு மாப்பிள்ளை பார்த்தார். வங்கி வேலை, அண்ணாச்சியின் சபையேதான்.

“அவரு என்ன வாசிப்பாரு அண்ணாச்சி?” என்றேன்.

“ஒண்ணும் வாசிக்க மாட்டாரு. நிம்மதி.”

அடுத்த ஞாயிறு மதுரைக்காரர்கள் வருவதாக ஏற்பாடு. வியாழக்கிழமை அண்ணாச்சி கடையில் நானும் செல்வமணி அக்காவும் கடைசியாக ஒருமுறை பேசிப் பார்த்தோம். “அண்ணாச்சி, கண்ண மூடிக்கிட்டுக் கேட்டா ரெண்டும் ஒண்ணுதான்” என்று சொல்லிவிட்டேன்.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “என் கண்ணக் கட்டிவிடு. பத்து வீடு தள்ளி வாசிக்கட்டும். வெரலா பிக்கான்னு நான் சொல்லுறேன்.”

செல்வமணி அக்கா அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டார். “சரிங்க. சொல்லுங்க. சரியாச் சொல்லிட்டா மதுரைக்காரக வரட்டும், நான் வாயத் தொறக்கலை. தப்பாச் சொன்னா ராயப்பன்பட்டிக்கு நீங்களே போன் போடணும்.”

“ரெண்டு தடவ வாசிக்கட்டும். ரெண்டையும் சொல்லுறேன்” என்றார் அண்ணாச்சி. தோற்கிற பேச்சே அவர் மனதில் இல்லை.

சனிக்கிழமை மத்தியானம், போடி ரோட்டில் உள்ள என் கோடவுனில் கூடினோம். அண்ணாச்சி ஷட்டரைப் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் பெட்டிகளை ஆளுயரத்துக்கு அடுக்கி, அதற்கு அந்தப் பக்கம் கிடாரோடு பிரவீன், பக்கத்தில் ஜெஸ்லின். பங்கிராஸ் அண்ணனும் வந்து ஒரு ஓரமாக நின்றார். நான் எந்தக் குமிழையும் தொடக் கூடாது என்பது நிபந்தனை. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

முதல் வாசிப்பு. பிரவீன் வாசித்தான், ஒரு மாதம் கொப்புளத்தோடு பழகிய அந்த இரண்டு விரலால். முழுதாக எட்டு வரிகூட ஆகவில்லை, அண்ணாச்சி கையை உயர்த்தினார்.

“பிக். கேக்கும்போதே பல்லு கூசுது.”

பிரவீன் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டான். செல்வமணி அக்கா யாரும் பேசக் கூடாது என்று சைகை காட்டினார். அண்ணாச்சி தோற்றது எங்களுக்குத் தெரிந்துவிட்டது, அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஜெஸ்லின் எழுந்து பிரவீனிடமிருந்து கிடாரை வாங்கிக்கொண்டாள். அது ஏற்பாட்டில் இல்லை. எங்களில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

அவள் வாசித்தாள். அண்ணாச்சியின் சபையில் வாராவாரம் பாடுகிற ஒரு பாட்டு அது. அவசரமில்லாமல், ஒவ்வொரு அடியையும் தரையில் பதமாக இறக்கிவைக்கிற வாசிப்பு. அண்ணாச்சி இந்தமுறை கையை உயர்த்தவில்லை.

“இது வெரல்” என்றார். குரல் தணிந்திருந்தது. “சந்தேகமே இல்ல. ரெண்டாவது வரியில ஒரு இடத்துல லேசாத் தயங்கி விழுகுது பாருங்க, அது என் பழக்கம். நான் கத்துக்கிட்ட காலத்துல இருந்து அப்படித்தான் வாசிக்கிறேன். வேற ஒருத்தரும் அப்படி வாசிச்சு நான் கேட்டதில்ல. யாருப்பா அது?”

திரும்பி, பெட்டிகளைச் சுற்றிக்கொண்டு வந்தார். மகள் மடியில் கிடார் இருந்தது. வலது கையில் நீலமாக ஒரு பிளாஸ்டிக் துண்டு.

நாற்காலி பக்கத்தில் இல்லாததால் ஒரு ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்தார்.

“நீ எப்ப படிச்ச?”

“பன்னெண்டாவது படிக்கும்போது. லீவு நாள்ல நீங்க கடைக்குப் போனதும் எடுப்பேன். மதியம் சாப்பிட வாரதுக்குள்ள வச்சுருவேன்.”

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல.”

“கேட்டேன்ப்பா. பொம்பளப் பிள்ளைக்குக் கீபோர்டு போதும்னு சொன்னீக.”

அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, விரல் கட்சிக்காரர் இல்லையா, அதைக் கேட்காமல் அவரால் இருக்க முடியவில்லை. “அது சரி. பிக் எதுக்கு? வெரல்ல வாசிக்க வேண்டியதுதான?”

“வெரல்ல வாசிச்சாக் காய்ப்பு வந்துரும், நீங்க கண்டுபிடிச்சுருவீக. நீங்க யாரப் பாத்தாலும் வலது கையத்தான பாப்பீக.” கம்பியை அழுத்துகிற இடது கையை விரித்துக் காட்டினாள். நாலு விரல் நுனியும் காய்த்துப் போயிருந்தன. எட்டு வருடமாக அந்தக் கைதான் அவருக்குச் சோறு போட்ட தட்டைத் தாங்கிக்கொண்டிருந்தது.

“பிக்குக்கு உங்க பழைய ஏடிஎம் கார்டத்தான் வெட்டுனேன்” என்றாள், கொஞ்சம் பயத்தோடு.

பங்கிராஸ் அண்ணன் தொண்டையைச் செருமினார்.

“இன்னொரு தடவ வாசிம்மா” என்றார் அண்ணாச்சி.

அவள் வாசித்தாள். அவர் அவள் கையைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, அந்தத் தயங்கி விழுகிற இடம் வந்தபோது லேசாகத் தலையை அசைத்தார். விரல் கட்சிக்காரர் ஒருவர் பாட்டுக் கேட்டு நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். முடிந்ததும் எழுந்து, வேட்டியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பங்கிராஸ் அண்ணனிடம் போனார். “போன் போடணும்னு பேச்சு. நீங்கதான் இங்கனயே நிக்கிறீகளே. தேதி பாப்பம் சம்பந்தி.”

கல்யாணம் மே மாதம் பெரியகுளத்தில் நடந்தது. இப்போது நீங்கள் அண்ணாச்சி திருந்திவிட்டார், எந்தக் கையில் வாசித்தாலும் பாட்டு பாட்டுதான் என்று உணர்ந்துவிட்டார் என்று நினைப்பீர்கள். எவ்வளவு நல்ல மனது உங்களுக்கு. கல்யாண வரவேற்பில், மேடையில் மாலையும் கையுமாக எல்லோரும் பெண்ணின் அப்பாவைத் தேடினார்கள். அவர் இன்னிசைக் குழுவின் பேஸ்காரர் பக்கத்தில் குனிந்து நின்றுகொண்டிருந்தார். நான் போய் இழுத்தபோது என் காதில் சொன்னார்: “பிக்தான் வச்சிருக்கான், பரவாயில்ல. ஆனா கடையில வாங்குன பிக்கு குருசாமி. அதுல எப்படி நயம் வரும்? ஏடிஎம் கார்ட வெட்டி வாசிச்சாத்தான் அது பிக்கு.”

இன்றைக்கு அவர் கடைக்குப் போனால் காய்ப்பைக் காட்ட மாட்டார். கல்லாவிலிருந்து நீலத் துண்டு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுவார். மருமகனுக்கு ஒன்று, சபைப் பையன்களுக்கு ஆளுக்கொன்று என்று வெட்டிக் கொடுத்ததில், இந்த வருடத்தில் மூன்றாவது முறையாகப் புதுக் கார்டு கேட்டுப் போனவரை வங்கியில் ஒரு மாதிரியாகப் பார்த்தார்களாம். இந்தப் பள்ளத்தாக்கிலேயே ஏடிஎம் கார்டு கட்சிக்கு அவர்தான் தலைவர். கடையில் பிக் வாங்குகிறவர்களை நினைத்து அவர் வருத்தப்படுவதைப் பார்த்தால், அவர் பிறந்ததிலிருந்தே பிக்கால்தான் வாசித்தார் என்று தோன்றும்.

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போய், மனைவி வைத்த சட்னியை ஒரு வாய் எடுத்துவிட்டு, “மிக்ஸியா, அம்மியா?” என்று கேட்டேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. நீங்கள் அப்படியெல்லாம் கேட்கிறவர் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் இவ்வளவு நேரம் படித்தீர்களே, நடுவில் எங்காவது, ஒலிபெருக்கிக்காரன் இதைப் பேனாவால் எழுதினானா, போனில் தட்டினானா, இல்லை வாயால் சொல்லி வேறு யாரையாவது எழுத வைத்தானா என்று ஒரே ஒரு நொடி தோன்றியதா? தோன்றியிருந்தால் தப்பில்லை. அதை நான் சொல்லப்போவதில்லை. நீங்கள் கதை எப்படி இருந்தது என்று மட்டும் சொல்லுங்கள், போதும்.

என்ன, கதையைக் கவனிக்கவில்லையா? அதானே பார்த்தேன்.